எந்த பிளானர் வாங்கலாம்? சிவகாசி டைரி முதல் ஹொபொனிச்சி வரை

டிசம்பர் கடைசியில் வீட்டுக்கு இரண்டு மூன்று டைரியாவது வந்து சேரும். வங்கியில் கொடுத்தது ஒன்று, நகைக்கடையில் கொடுத்தது ஒன்று, அலுவலகத்தில் கொடுத்தது ஒன்று. ஜனவரி முதல் வாரம் நல்ல கையெழுத்தில் நாலு பக்கம் நிரம்பும். பொங்கல் கழிவதற்குள் அது பால் கணக்கு எழுதவும் பிள்ளைகள் படம் வரையவும் போய்விடும். எழுதியவருக்குச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு இருப்பது அந்தப் புத்தகத்தின் அமைப்பில். நடந்து முடிந்ததைக் குறித்துவைக்கச் செய்த டைரியை, இனி நடக்கவேண்டியதைத் திட்டமிடப் பயன்படுத்தினால் அது கை கொடுக்காது.

காரணம் எளிது. நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரியில் திங்கட்கிழமையைத் திறந்தால் திங்கட்கிழமை மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை மாலை பள்ளியில் பெற்றோர் கூட்டம், அதே மாலை பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறது, வெள்ளிக்கிழமை மின்கட்டணத்துக்குக் கடைசி நாள். இவை மூன்றும் வெவ்வேறு நாளில் எழுதப்பட்டவை. வியாழக்கிழமைப் பக்கத்தை யாரும் திங்கட்கிழமையே திருப்பிப் பார்ப்பதில்லை. ஆகவே மோதல் வியாழக்கிழமை காலையில்தான் தெரியவரும். ஒரு வாரம் முழுவதும் விரித்த இரண்டு பக்கத்துக்குள் அடங்கியிருந்தால், பல் டாக்டர் பெயரை எழுதும்போதே பக்கத்தில் இருக்கும் பள்ளிக் கூட்டம் கண்ணில் பட்டிருக்கும்.

அதனால் பிளானர் வாங்கும்போது அட்டையின் நிறத்தையும் பிராண்டையும் கடைசியில் பார்க்கலாம். முதலில் உள்பக்கக் கட்டம், அடுத்து தாள், அதற்கடுத்து பைண்டிங். இந்த வரிசையில்தான் கீழே ஒவ்வொன்றும் அலசப்பட்டிருக்கிறது.

கட்டமும் தமிழ்க் கையெழுத்தும்

சந்தையில் கிடைக்கும் அமைப்புகள் அடிப்படையில் நான்கு: மாதத்துக்கு இரண்டு பக்கம், வாரத்துக்கு இரண்டு பக்கம், நாளுக்கு ஒரு பக்கம், தேதியே அச்சிடாத வெற்றுப் பக்கம். வாரப் பக்கத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, இடப்பக்கத்தில் ஏழு நாளும் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டு, வலப்பக்கம் குறிப்புக்காகக் காலியாக விடப்பட்டது. மற்றொன்று, ஏழு நாளும் ஏழு நெடுக்குப் பத்தியாக நின்று, ஓரத்தில் காலை 6, 7, 8 என்று மணி போட்டது.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டுப் பலர் நெடுக்குப் பத்தி பிளானரை வாங்கிவிடுகிறார்கள். தமிழில் எழுதுபவர்களுக்கு அது சரிப்படாது. ஏ5 அளவு புத்தகத்தின் ஒரு பக்கம் 148 மி.மீ. அகலம். இரண்டு பக்கமும் சேர்ந்து 296 மி.மீ. ஓரமும் மணி போட்ட பட்டியும் போக, ஏழால் வகுத்தால் ஒரு நாளுக்கு 37 மி.மீ. அளவுதான் கிடைக்கும். ஆங்கிலத்தில் ‘டென்டிஸ்ட்’ என்ற சொல் அதற்குள் அடங்கிவிடும். ‘மருத்துவப் பரிசோதனை’ என்று சாதாரணக் கையெழுத்தில் எழுதினால் 60 மி.மீ.க்கு மேல் ஓடும். இரண்டு மூன்று வரியாக உடைத்து எழுதவேண்டும். 10 மணிக்கு எழுதியது 12 மணிக் கட்டம் வரை வழியும். இடப்பக்கம் வாரம், வலப்பக்கம் குறிப்பு என்ற அமைப்பில் ஒரு வரி 130 மி.மீ. வரை நீளும். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு ஏற்றது இதுதான்.

வரி உயரமும் முக்கியம். தமிழில் புள்ளி மேலே ஏறும், உகர ஊகாரக் கால் கீழே இறங்கும். மேல் வரியில் ‘கூட்டம்’ என்று எழுதி, கீழ் வரியில் அதற்கு நேரே ‘பள்ளி’ என்று எழுதிப் பாருங்கள். வரி உயரம் 6 மி.மீ.க்குக் குறைந்தால் ‘கூ’வின் சுழி ‘ள்’ளின் புள்ளி மேல் வந்து உட்கார்ந்துவிடும். ‘மின்கட்டணம்’ என்ற சொல்லை 3.7 மி.மீ. கட்டத்தில் 0.7 பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் ‘ண’வின் மூன்று சுழியும் அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். 7 மி.மீ. வரி இருந்தால் எந்தப் பேனாவும் போதும். கட்டம் போட்ட தாள் என்றால் இரண்டு கட்டத்தை ஒரு வரியாக எடுத்துக்கொள்ளுங்கள், பேனா 0.5க்கு மேல் வேண்டாம்.

ஏ5 பக்கத்தின் உயரம் 210 மி.மீ. அதை ஏழு நாளுக்குப் பங்கிட்டால், தலைப்பு போக நாளுக்கு 28 மி.மீ. மிஞ்சும். 7 மி.மீ. வரியில் நான்கு வரி. ஒரு குடும்பத்தின் ஒரு நாளுக்கு நான்கு வரி போதும். நாளுக்குப் பத்து வேலைக்குமேல் உள்ளவர்களுக்கு, அதாவது கடை நடத்துபவர், ஆடிட்டர், திருமண மண்டப மேலாளர் போன்றவர்களுக்கு மட்டும்தான் நாளுக்கு ஒரு பக்கம் தேவைப்படும்.

உள்ளூர் டைரி

அச்சுத் தொழிலின் தலைநகரமான சிவகாசியில் காலண்டரோடு சேர்த்து டைரியும் பெருமளவில் அச்சாகிறது. ஸ்டேஷனரிக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் நைட்டிங்கேல் டைரியும் சிவகாசித் தயாரிப்புதான். இந்த உள்ளூர் டைரிகளுக்கென்று உண்மையான சிறப்புகள் உண்டு. வரி அகலமானது, தமிழுக்குத் தாராளமாகப் போதும். நம் அரசு விடுமுறைகள் அச்சிலேயே இருக்கும். தமிழ்த் தேதி, அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம், முகூர்த்த நாள் எல்லாம் போட்ட பதிப்புகள் கிடைக்கின்றன. கல்யாண வேலை, கோயில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே இது போதும்.

குறை மூன்று. முதலாவது, பல டைரிகளில் சனி, ஞாயிறு இரண்டையும் ஒரே பக்கத்தில் பாதிப் பாதியாக அடக்கியிருப்பார்கள். அலுவலகத்தை மனதில் வைத்துச் செய்தது. வீட்டுக்கு அது நேர் எதிர்: துணி, மளிகை, உறவினர் வீட்டு விசேஷம், பிள்ளைகளின் வகுப்பு எல்லாம் விழுவது சனி ஞாயிறில்தான். வாங்குமுன் ஏதாவது ஒரு வாரக் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டாவது, முன்பக்க மாத அட்டவணை ஞாயிறில் தொடங்கும், உள்ளே வாரம் திங்களில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே கண் பழகாமல், மாதப் பக்கத்தில் ஒரு கட்டம் தள்ளித் தேதியைக் குறித்துவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. இரண்டும் ஒரே கிழமையில் தொடங்கும் புத்தகத்தையே தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, எடை.

எடையைக் கடைக்குப் போகாமலே கணக்குப் போடலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ5 தாள் ஒன்றின் பரப்பு 0.031 சதுர மீட்டர். 80 ஜிஎஸ்எம் தாளில் ஒன்று இரண்டரை கிராம். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 183 தாள். மாதப் பக்கம், முகவரிப் பக்கம் எல்லாம் சேர்த்து 200 தாள். அட்டை இல்லாமலே அரைக் கிலோ. அதைத் தினமும் கைப்பையில் சுமக்க மாட்டோம், மேசையில் வைத்துவிடுவோம். மேசையில் இருக்கும் பிளானரில் பஸ்ஸில் நினைவுக்கு வந்த வேலை ஏறாது. வார பிளானருக்கு 53 வாரம், 106 பக்கம், 53 தாள். மற்றவை சேர்த்து 80 தாள் என்றாலும் 200 கிராம்தான். சுமக்கவேண்டிய பிளானருக்கு 300 கிராமை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

அச்சான விடுமுறைப் பட்டியலை முழுதாக நம்பிவிட வேண்டாம். ரம்ஜான், பக்ரீத், மொஹரம் ஆகியவை பிறை பார்ப்பதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும். டைரி பல மாதம் முன்னாலேயே அச்சுக்குப் போய்விடுகிறது. அரசு ஆணை வந்தபின் பென்சிலால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாளும் பைண்டிங்கும்: கடையிலேயே செய்யவேண்டிய சோதனை

அச்சகத்தில் டைரித் தாளைக் கேட்டால் ‘மேப்லித்தோ’ என்பார்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் தயாரிப்பதிலும் இந்த வகை உண்டு. பால்பாயின்ட் பேனாவுக்கு இது அருமையான தாள். மை பேனா, ஜெல் பேனா என்று போகும்போதுதான் தாளுக்குத் தாள் வித்தியாசம் தெரியும்.

தாளில் மை ஊறுவதற்குக் கனம் மட்டும் காரணமல்ல. தாள் செய்யும்போது நீரை உறிஞ்சாமலிருக்க ஸ்டார்ச் முதலிய பொருள்களைச் சேர்ப்பார்கள். தொழிலில் அதற்கு ‘சைஸிங்’ என்று பெயர். சைஸிங் குறைந்த 100 ஜிஎஸ்எம் தாளில் மை சிலந்திக் கால் போலப் பரவும். சைஸிங் நன்றாக உள்ள 52 ஜிஎஸ்எம் தாளில் கோடு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். ஆகவே அட்டையில் ‘100 ஜிஎஸ்எம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் சொந்தப் பேனாவை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மாதிரிப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் ‘தொண்ணூறு’ என்று ஒருமுறை எழுதி, ஒரு சின்னக் கட்டத்தை நிறைத்து மை தீட்டுங்கள். பத்து எண்ணிவிட்டுக் கட்டை விரலால் தேயுங்கள். இழுபட்டால் அந்தத் தாளுக்கு உங்கள் பேனா ஒத்துவராது. பிறகு தாளைத் திருப்புங்கள். எழுத்தின் நிழல் தெரிந்தால் பரவாயில்லை, பழகிவிடும். மை புள்ளி புள்ளியாகப் பின்பக்கம் வந்திருந்தால் பாதிப் புத்தகம் வீண்.

அடுத்து, நார் ஓடும் திசை. இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் புத்தகம் விரிந்து படுப்பதும் படுக்காததும் இதில்தான் இருக்கிறது. தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் அகலத்தில் உப்பும், நீளத்தில் அவ்வளவாக நீளாது. நார் முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழாக ஓடினால், தாள் உப்பும்போது வெளி ஓரத்தை நோக்கி உப்பும்; அங்கே அதைத் தடுக்க ஒன்றுமில்லை. குறுக்கே ஓடினால் முதுகு நெடுக உப்பப் பார்க்கும்; அங்கே பசையும் நூலும் பிடித்திருப்பதால் தாள் அலை அலையாக நெளியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரை ஊர்களில் டைரி அப்பளம்போல் வளைவது இதனால்தான். சோதிப்பது சுலபம்: நடுவில் திறந்து ஒரே ஒரு தாளைத் தூக்கி விடுங்கள். துணிபோல மெல்ல விழுந்து படிந்தால் நல்லது. விறைப்பாக நிமிர்ந்து நின்றால் நார் குறுக்கே இருக்கிறது.

பைண்டிங்குக்கு முதுகின் மேல் ஓரத்தைப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டுகளாக மடிப்புகள் தெரிந்தால் ஃபாரம் ஃபாரமாகத் தைத்தது. ஒரு கட்டின் நடுவைத் திறந்தால் நூலே தெரியும். அது ஆண்டு முழுக்க 180 டிகிரி விரியும். மடிப்பே இல்லாமல் தாள் தாளாக வெட்டிப் பசை போட்டிருந்தால், மார்ச் மாதத்துக்குள் ஜனவரித் தாள்கள் கழன்று வர வாய்ப்பு அதிகம். ஏனென்றால் திறந்துவைத்து உள்ளங்கையால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் காய்ந்த பசை விரிசல் விடும். தாளில் துளையிட்டுக் கம்பியில் கோத்த வயரோ பைண்டிங் முழுதாக மடித்துத் திருப்ப வசதி. பைக்குள் மற்ற பொருளோடு நசுங்கினால் கம்பி வளைந்து, தாள் துளை கிழியும். மேசைக்கு வயரோ, பைக்குத் தையல் என்று வைத்துக்கொள்ளலாம்.

தோல் மாதிரி மினுக்கும் பியூ அட்டை இரண்டு மூன்று ஆண்டு ஈரக் காற்றில் இருந்தால் உரிந்து ஒட்டும். ஒரே ஆண்டுக்கான டைரிக்கு அது கவலையில்லை. உள் புத்தகத்தை மட்டும் மாற்றி அட்டையை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் துணி அல்லது அசல் தோலுக்குப் போகவேண்டும்.

ஹொபொனிச்சி டெச்சோ

பிளானர் பிரியர்கள் வாயில் அதிகம் அடிபடும் பெயர் இது. ஜப்பானிய விளம்பர எழுத்தாளர் ஷிகெசாட்டோ இட்டோய் 1998இல் தொடங்கிய இணையதளத்திலிருந்து பிறந்தது. முதல் பதிப்பு 2002ஆம் ஆண்டுக்கு வந்தது. ஆங்கிலப் பதிப்பு 2013இலிருந்து. ‘டெச்சோ’ என்றால் கைக்குறிப்பேடு, ‘ஹொபொனிச்சி’ என்றால் ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று பொருள். ஒரு நாள் விட்டாலும் குற்றமில்லை என்ற அந்தப் பெயரே இந்தப் புத்தகத்தின் குணத்தைச் சொல்லிவிடும்.

இதன் உயிர் தாளில் இருக்கிறது. தொமொயே ரிவர் எனப்படும் மெல்லிய தாள், 52 ஜிஎஸ்எம். 2021இல் இதன் தயாரிப்பு தொமொயெகாவா நிறுவனத்திடமிருந்து சான்சென் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2024 பதிப்பு முதல் ‘தொமொயே ரிவர் எஸ்’ என்ற புது வகையில் அச்சாகிறது. மை பேனா ஊறாது, பின்பக்கம் நிழல் மட்டும் தெரியும். நாளுக்கு ஒரு பக்கம் வைத்தும் ஒரிஜினல் என்ற ஏ6 புத்தகம் கைக்குள் அடங்குவது இந்த மெல்லிய தாளால்தான்: ஏ6 தாள் ஒன்று 0.8 கிராம், 200 தாளுக்கு 160 கிராம்.

நம் ஊரில் இதைப் பயன்படுத்துபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டியது இரண்டு. மை உள்ளே இறங்காததால் மேலேயே நின்று மெதுவாகக் காயும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களின் ஈரக் காற்றில் இன்னும் தாமதமாகும். எழுதி உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பம் பதியும். ஒரு மை ஒற்றும் தாளை அன்றைய பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். இரண்டாவது, உள்ளங்கை வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட இடத்தில் மை பிடிக்காமல் வரி விட்டுவிட்டு விழும். கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்து எழுதினால் இது வராது. பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதுபவர்களுக்கு நாலு தாள் வரை தடம் விழும். பக்கத்துக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் பலகையைத் தனியாக விற்கிறார்கள், அது தேவைதான்.

ஒரிஜினலில் கட்டம் 3.7 மி.மீ. இரண்டு கட்டம் ஒரு வரி என்று தமிழில் எழுதினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 15 வரி கிடைக்கும். நாட்குறிப்பும் திட்டமும் ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்குத் திருப்தியான அளவு. வீக்ஸ் என்பது 188 × 95 மி.மீ. அளவுள்ள ஒல்லியான வார பிளானர், சட்டைப்பைக்கு நீளம், கைப்பைக்குக் கச்சிதம். இடப்பக்கம் வாரம், வலப்பக்கம் கட்டம். அமைப்பு மிகச் சரி. ஆனால் கட்டம் 3.55 மி.மீ., அகலம் 95 மி.மீ.தான். ஒரு நாளுக்குத் தமிழில் மூன்று வரிக்குமேல் ஏறாது, வரியும் குட்டை. ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுபவர்களுக்கு வீக்ஸைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். தமிழில் எழுதுபவர்கள் ஏ5 அளவான கஸினுக்குப் போகவேண்டும். அதில் ஆண்டு, மாதம், வாரம், நாள் நான்கும் இருக்கின்றன, ஆனால் கனமானது. அதையே ஆறு ஆறு மாதமாக இரண்டு புத்தகமாகப் பிரித்த அவெக் பதிப்பு சுமப்பவர்களுக்கு நல்லது.

ஒரிஜினல், கஸின் அட்டைகளில் ஒரு சின்ன நுட்பம் உண்டு. முன்னட்டையிலும் பின்னட்டையிலும் ஒவ்வொரு பேனா வளையம். இரண்டையும் நேராக வைத்துப் பேனாவைச் செருகினால் அதுவே பூட்டாகிவிடும். பேனாவும் புத்தகமும் பிரியாது. எழுதாமல் போவதற்குப் பாதிக் காரணம் கையில் பேனா இல்லாததுதான் என்பதால் இது அலங்காரமல்ல.

புது ஆண்டுப் பதிப்பு செப்டம்பர் 1 அன்று விற்பனைக்கு வரும். ஆர்டர் செய்யும்போது ஜனவரித் தொடக்கமா ஏப்ரல் தொடக்கமா, வாரம் திங்களிலா ஞாயிறிலா, மொழி ஜப்பானியமா ஆங்கிலமா என்று மூன்றையும் சரிபாருங்கள். கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேரும்போது புத்தக விலையோடு இன்னொரு பங்கு ஏறிவிடக்கூடும். அதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

லாய்ஷ்டுர்ம், மோல்ஸ்கின்

ஜெர்மனியின் லாய்ஷ்டுர்ம்1917 தரும் ஏ5 வார பிளானர், இங்கே பார்த்த புத்தகங்களில் தமிழ்க் கையெழுத்துக்கு மிகவும் பொருந்துவது. இடப்பக்கம் வாரம், வலப்பக்கம் கோடிட்ட தாள். 80 ஜிஎஸ்எம், தையல் பைண்டிங், பின்னட்டையில் ரசீது வைக்கப் பை. அளவு துல்லியமான ஏ5 அல்ல, 145 × 210 மி.மீ.; வெளியில் வாங்கிய ஏ5 உறை போட்டால் மூன்று மி.மீ. ஆடும். மை பேனாவில் சாதாரண நிப்புக்குத் தாங்கும், பட்டையான நிப்புக்கு நிழல் பலமாக விழும்.

மோல்ஸ்கின் வார பிளானரும் இதே அமைப்புதான். தாள் 70 ஜிஎஸ்எம், மை பேனா ஊறும். பால்பாயின்ட், பென்சில் என்றால் ஒரு குறையும் இல்லை. இரண்டு நிறுவனமும் ஜூலையில் தொடங்கும் 18 மாதப் பதிப்பை வெளியிடுகின்றன. ஜூனில் கல்வியாண்டு தொடங்கும் நம் ஆசிரியர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஜனவரிப் பதிப்பைவிட அது பொருத்தம்.

இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ், ஐடி ஊழியர் போன்றவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களுக்கு நாள் என்பது காலை ஆறுக்குத் தொடங்குவதில்லை. கொக்குயோ நிறுவனத்தின் ஜிபுன் டெச்சோ 24 மணி நேரத்தையும் நெடுக்குப் பத்தியாகப் போட்டிருக்கிறது. தமிழ் எழுத்துக்கு இடம் போதாது என்றாலும், ஷிஃப்டையும் தூக்கத்தையும் பட்டையாக வண்ணம் தீட்டிவிட்டால் எழுதத் தேவையே குறைந்துவிடும்.

வளைய பிளானர்

1921இல் லண்டனில் தொடங்கிய ஃபைலோஃபாக்ஸ் இந்த வகையின் மூத்த பெயர். தாளைச் சேர்க்கலாம், எடுக்கலாம், இடம் மாற்றலாம். அதன் பிரபலமான ‘பெர்சனல்’ அளவு 95 × 171 மி.மீ., ஆறு துளை. நம் ஊரில் சிக்கல் இங்கேதான்: அந்த அளவில் தாள் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. ஏ4 தாளை வெட்டினால் கழிவு அதிகம், துளை இடைவெளிக்குத் தனிப் பஞ்ச் வேண்டும்.

ஏ5 வளைய அட்டை வாங்கினால் தாள் வீணாகும் தொல்லை இல்லை. ஏ4 தாளை நடுவில் வெட்டினால் இரண்டு ஏ5. ஒரு வாரத்துக்கான பக்கத்தை நீங்களே வடிவமைத்து, ஜெராக்ஸ் கடையில் இருபுறமும் பிரதி எடுத்துக் குறுக்கே வெட்டச் சொல்லலாம். தமிழ் மாதம், ராகு காலம், பெரிய வரி எல்லாம் உங்கள் விருப்பப்படி வரும். 53 வாரத்துக்கு 53 ஏ5 தாள், அதாவது 27 ஏ4 தாள். இடப்பக்கம் வாரம் வரவேண்டுமென்றால் வாரப் பக்கம் தாளின் பின்புறத்தில் விழவேண்டும். முதல் வாரத்துக்கு முன்னால் ஒரு தாள் கூடுதலாகச் சேரும். வெட்டுமுன் ஒரு தாளை மாதிரிக்கு எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தலைகீழாக அச்சாவது இந்த இடத்தில்தான்.

வளையத்தில் பார்க்கவேண்டியது வாய் சேரும் இடம். மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. முடி நுழையும் இடைவெளி இருந்தால் தாள் அதில் சிக்கிக் கிழியும். திறக்கும்போது இரு முனையிலும் உள்ள நெம்புகோலை அழுத்தியே திறக்கவேண்டும். வளையத்தைக் கையால் பிளந்தால் சில மாதத்தில் வாய் கோணிவிடும். வலக்கைக்காரர்களுக்கு வலப்பக்கத்தின் தொடக்கம் சுலபம், இடப்பக்கத்தின் வலது ஓரம் எழுதும்போது வளையம் கையில் இடிக்கும். தாளைக் கழற்றி எழுதி மாட்டுவதுதான் வழி. பொறுமை இல்லாதவர்கள் தையல் புத்தகத்துக்கே போகலாம்.

வெற்று நோட்டில் தானே கோடு போட்டு எழுதும் புல்லட் ஜர்னல் முறையை ரைடர் கேரல் 2013இல் வெளியிட்டார். புள்ளி என்றால் வேலை, வட்டம் என்றால் நிகழ்ச்சி, சின்னக் கோடு என்றால் குறிப்பு. முடிந்த வேலைக்குப் புள்ளியின் மேல் பெருக்கல் குறி. முறை அருமையானது, 80 பக்க நோட்டிலும் நடக்கும். வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குக் கோடு போட நேரம் இருப்பவர்களுக்கு மட்டும்.

வாங்கிய பிறகு

முதல் ஒரு மணி நேரத்தில் ஆண்டு முழுவதும் நகராத தேதிகளை மாதப் பக்கத்தில் ஏற்றுங்கள். காப்பீட்டுப் பிரீமியம், வாகன இன்சூரன்ஸ், அரையாண்டுச் சொத்து வரி, பள்ளிக் கட்டணம். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வியாபாரிகள் 11, 20 இரண்டு தேதியையும், முன்கூட்டி வருமான வரி கட்டுபவர்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஐயும் குறிக்கவேண்டும். கடைசி நாளில் எழுதுவதோடு நிறுத்தாமல் ஐந்து நாள் முன்னாலும் ஒரு புள்ளி வையுங்கள். பணம் ஏற்பாடு செய்ய அந்த ஐந்து நாள் வேண்டும்.

வெளிநாட்டு பிளானரில் பஞ்சாங்கம் இல்லையே என்ற குறையைப் பதினைந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். ராகு காலம் கிழமைக்குக் கிழமை மாறும், ஆண்டு முழுக்க அதே அட்டவணைதான்: திங்கள் 7.30–9, சனி 9–10.30, வெள்ளி 10.30–12, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, செவ்வாய் 3–4.30, ஞாயிறு 4.30–6. முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதினால் போதும். அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 50 தேதி அளவில் வரும். தினசரிக் காலண்டரைப் பார்த்து மாதக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

அழித்து எழுதும் ஃப்ரிக்‌ஷன் பேனாவை பிளானருக்குப் பலர் விரும்புகிறார்கள். அந்த மை தேய்க்கும்போது எழும் சூட்டில் மறைகிறது. 60 டிகிரி செல்சியஸில் நிறம் போய்விடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் புத்தகத்தை வைத்தால் ஒரு மதியத்தில் ஒரு மாதத் திட்டம் வெள்ளைத் தாளாகிவிடும். அப்படி நேர்ந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 10 முதல் 20 டிகிரிக்குள் எழுத்து திரும்பும், முன்பு வேண்டுமென்றே அழித்ததும் கூடவே திரும்பும். கையெழுத்துப் போடவேண்டிய எதற்கும் இந்தப் பேனா ஆகாது. மாறக்கூடிய நேரத்துக்குப் பென்சில், உறுதியானதற்குப் பால்பாயின்ட் என்பது எல்லாத் தாளுக்கும் ஒத்துவரும்.

மாத்திரை நேரம், ரயில் முன்பதிவு திறக்கும் நிமிடம் போன்றவற்றை பிளானரிடம் விடாதீர்கள். மணி அடித்துக் கூப்பிடவேண்டியவை கைபேசிக்கு. ஒன்றோடொன்று ஒப்பிட்டு யோசிக்கவேண்டியவை தாளுக்கு.

இத்தனையும் பார்த்தபின் யாருக்கு எது என்றால்: குடும்பம், வேலை இரண்டையும் தமிழில் எழுதித் திட்டமிடுபவருக்கு ஏ5, இடப்பக்கம் வாரம், வலப்பக்கம் குறிப்பு, 7 மி.மீ. வரி. லாய்ஷ்டுர்ம் கிடைத்தால் அது, இல்லையென்றால் ஏ5 வளைய அட்டையில் ஜெராக்ஸ் தாள். செலவு மிகக் குறைவு இரண்டாவதுதான், தமிழுக்குப் பொருத்தமும் அதுவே அதிகம். தினமும் ஒரு பக்கம் எழுதும் பழக்கம் ஏற்கெனவே கைவந்தவருக்கு ஹொபொனிச்சி ஒரிஜினல். மேசையைவிட்டு நகராத கடைக் கணக்குக்கும் கல்யாண வேலைக்கும் தமிழ்த் தேதி போட்ட சிவகாசி டைரி.

டிசம்பரில் பழைய புத்தகத்தை எடுத்துவைக்குமுன், அதன் மாதப் பக்கங்களை மட்டும் ஜனவரியிலிருந்து புரட்டி, புதிய புத்தகத்துக்குத் தேதிகளை மாற்றுங்கள். பிரீமியம் கட்டிய பக்கத்தில் ரசீது எண்ணையும் எழுதியிருந்தால், வருமான வரிக் கணக்குக்கு ஜூலையில் அந்தப் பழைய புத்தகத்தையே மீண்டும் எடுப்பீர்கள். அதனால் அதைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்குக் கரையானும் பூச்சியும் எட்டாத இரும்பு பீரோவில் வைத்திருங்கள்.